நான்கு கைகள், ஒரு கையொப்பம்: எடோ கால மரஅச்சு ஓவியங்களில் தொழிற்பிரிவும் தணிக்கை முத்திரையும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் எடோ காலத்து (1603–1868) மரஅச்சு ஓவியங்கள் இன்று ஓவியர்களின் பெயராலேயே அறியப்படுகின்றன. ஆயின் அவை பதிப்பாளர், ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர் ஆகிய நால்வரின் கூட்டுழைப்பில் உருவானவை. ஓர் அச்சுத்தாளில் எவர் பெயர் இடம்பெற்றது, எவர் பெயர் விடுபட்டது என்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிக்கவில்லை; சந்தையும் அரசின் தணிக்கையுமே தீர்மானித்தன என்பதைத் தாள்களில் உள்ள கையொப்பங்கள், முத்திரைகள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உகியோ-எ, எடோ, மரஅச்சு, செதுக்குநர், பதிப்பாளர், தணிக்கை முத்திரை

முன்னுரை

கட்சுஷிகா ஹொகுசாயின் பேரலை ஓவியம் 1831ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. ஃபுஜி மலையை முப்பத்தாறு கோணங்களில் காட்டுவதாகத் தலைப்பிடப்பட்டு, விற்பனை பெருகியதால் நாற்பத்தாறு ஓவியங்களாக விரிந்த தொடரின் ஒரு தாள் அது. தாளின் இடப்பக்க மேற்பகுதியில் தொடரின் தலைப்பும் அதனையடுத்து ஓவியரின் கையொப்பமும் உள்ளன. அலையின் நுரை விரல்களைப் பலகையில் செதுக்கியவர் யார், அடிவானத்தின் மங்கிய சாம்பல் நிறத்தைத் தாளில் ஏற்றியவர் யார் என்பதற்கு அத்தாளில் எவ்விதச் சான்றும் இல்லை. அருங்காட்சியகக் குறிப்புகளும் கலை வரலாற்று நூல்களும் ‘ஹொகுசாயின் அச்சோவியம்’ என்றே அதனைப் பதிவு செய்கின்றன. அவ்வாறு பதிவு செய்வது பிழையன்று. எனினும், அத்தாளைத் தொட்டு உருவாக்கிய கைகளுள் ஹொகுசாயின் கை இல்லை என்னும் உண்மை அப்பதிவில் மறைந்துவிடுகிறது.

இம்மறைவைக் கைவினைஞர் மீதான இயல்பான அலட்சியம் என்று கருதிக் கடந்துவிட இயலாது. செதுக்குநர் பெயரும் அச்சிடுநர் பெயரும் தாளில் இடம்பெற்ற தருணங்கள் உண்டு. அவை எப்போது இடம்பெற்றன, எப்போது நீங்கின என்பதை நோக்கும்போது இக்கலையின் சமூகப் பின்புலம் தெளிவாகிறது.

நகரமும் நுகர்வோரும்

தோகுகாவா ஆட்சியாளர்கள் எடோவைத் (இன்றைய தோக்கியோ) தலைமையிடமாக்கிக்கொண்ட பின்னர், மீன்பிடி ஊராக இருந்த அவ்விடம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழும் நகரமாயிற்று. குறுநிலத் தலைவர்கள் குறித்த இடைவெளியில் எடோவில் வந்து தங்க வேண்டும் என்று 1635இல் விதிக்கப்பட்ட கட்டளை இவ்வளர்ச்சிக்கு ஒரு முதன்மைக் காரணம். தலைவர்களோடு வந்த சாமுராய் வீரர்களுக்கு உணவும் உடையும் வழங்கிய வணிகரும் கைவினைஞரும் செழித்தனர். அரசு ஏற்ற கன்பூசியச் சமூக அடுக்கில் வணிகருக்குக் கடைசி இடமே தரப்பட்டது. பணம் சேர்ந்த பின்னும் அரசியலில் இடம் கிட்டாத இந்நகர மாந்தர், நாடக அரங்கையும் யோஷிவாரா எனும் உரிமம் பெற்ற பரத்தையர் பகுதியையும் தம் பண்பாட்டு வெளிகளாகக் கொண்டனர்.

‘உகியோ’ எனும் சொல் பௌத்த மரபில் துயர் நிறைந்த நிலையாவுலகைக் குறித்தது. ஒலி மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றி, மிதந்து செல்லும் இன்ப உலகு எனப் பதினேழாம் நூற்றாண்டினர் அதற்குப் புதுப்பொருள் தந்தனர். அவ்வுலகின் படமே உகியோ-எ. ‘எ’ என்பது படத்தைக் குறிக்கும் சொல். இப்பொருள்மாற்றத்தைக் கவித்துவமாகப் போற்றும் போக்கு ஆய்வுலகில் மிகுதி. வறிய குடும்பங்களிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் சிறுமியராக விற்கப்பட்டு யோஷிவாராவுக்கு வந்த பெண்களுக்குப் பழைய பொருளே பொருந்தியிருந்தது. ஆதரவின்றி இறந்த அப்பெண்களின் உடல்கள் மினோவா பகுதியின் ஜோகான்-ஜி கோயிலில் புதைக்கப்பட்டன. ‘வீசியெறியும் கோயில்’ என்று மக்கள் அதற்கு இட்ட பெயரை, பட்டாடை உடுத்த பரத்தையரைக் காட்டும் எந்தத் தாளை ஆராயும்போதும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒரு தாளின் விலை பெரும்பாலும் இருபது மோன் காசுகளை ஒட்டியிருந்தது. ஒரு கிண்ணம் சோபா நூலுணவு பதினாறு மோனுக்கு விற்ற காலம் அது. எனவே ஒரு வேளைச் சிற்றுண்டி விலையில் வாங்கி, சுவரில் ஒட்டி, கிழிந்தபின் எறியத்தக்க பொருளாகவே இவ்வோவியம் பிறந்தது. ஊர் திரும்பும் சாமுராய்கள் எடோவின் நினைவுப் பொருளாக இவற்றை வாங்கிச் சென்றனர்.

பலகையில் நிகழ்வது

ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டு வரைவை எழுதித் தருவார். செதுக்குநர் அத்தாளை மலைச்செர்ரி மரப் பலகையின்மீது முகம் கவிழ்த்து அரிசிப் பசையால் ஒட்டுவார். பின்னர் தாளின் மேற்படலத்தைத் தேய்த்து நீக்கினால் கோடுகள் இடவலம் மாறித் தெரியும். அக்கோடுகளின் இருமருங்கும் கத்தியால் கீறி, இடைப்பட்ட மரத்தை உளியாலும் கொட்டாப்புளியாலும் அகற்றுவார். கோடு மட்டும் மேடாக எஞ்சும். வேலை முடியும்போது ஓவியர் எழுதிய தாள் முழுவதும் அழிந்திருக்கும். ஓவியரின் கை நேரடியாகப் பட்ட ஒரே பொருள் இவ்வாறு செய்முறையிலேயே மறைகிறது. இன்று அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள இத்தகைய வரைவுகள், ஏதோ ஒரு காரணத்தால் செதுக்கப்படாமல் போனவை.

வரைவு முழுமையானதும் அன்று. பெண்ணின் நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்தின் நுண்ணிழைகளை ஓவியர் பெரும்பாலும் எழுதுவதில்லை. கூந்தலின் எல்லையை மட்டும் காட்டிவிடுவார். மயிரிழைகளைச் செதுக்குவது தலைமைச் செதுக்குநரின் பொறுப்பு. முகமும் கூந்தலும் அவருக்குரியன. ஆடையும் பின்னணியும் உதவியாளர்களுக்குரியன. ஆடையில் திரும்பத் திரும்ப வரும் பூவேலைப்பாட்டை ஒரு மூலையில் மட்டும் காட்டி, எஞ்சியதைச் செதுக்குநரிடம் விடுவதும் வழக்கம். உதமாரோவின் பெண் முகங்களில் விமர்சகர்கள் வியக்கும் கூந்தல் நுட்பம், இவ்வகையில் பெயர் தெரியாத ஒருவரின் கத்தித் திறமே.

ஐரோப்பாவில் தாமஸ் பெவிக்கின் காலத்திலிருந்து மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கும் முறை பரவியது. ஜப்பானியர் மரத்தின் நாரோட்டத்திற்கு இணையாக அறுத்த பலகையையே பயன்படுத்தினர். நாரை எதிர்த்து வளைகோடு செதுக்குவது கடினம். கத்தி சற்றே வழுவினாலும் கோடு பிய்ந்துவிடும். ஹிரோஷிகே 1857இல் ஷின்-ஓஹாஷி பாலத்தின்மீது வரைந்த திடீர் மழையை நோக்குக. தாள் முழுவதும் சாய்ந்து விழும் ஒவ்வொரு மழைக்கோடும் இருபுறமும் மரம் அகற்றப்பட்டு மேடாக நின்ற ஒரு மரஇழை. வின்சென்ட் வான் கோ 1887இல் இதனை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தபோது பாலமும் ஆறும் வந்துவிட்டன. மழை மட்டும் தூரிகையின் தடித்த கோடுகளாகவே நின்றது. அவர் ஹிரோஷிகேயைப் படியெடுத்தார் என்று கூறுவோர், அவரால் படியெடுக்க இயலாமற்போனது செதுக்குநரின் பங்கு என்பதைக் கருதுவதில்லை.

கோட்டுப் பலகையிலிருந்து சில படிகள் கருமையில் எடுக்கப்படும். ஒவ்வொரு படியிலும் ஒரு நிறம் வரவேண்டிய இடத்தை ஓவியர் குறித்துத் தருவார். அதற்கேற்ப நிறப் பலகைகள் செதுக்கப்படும். பலகைக்கு இரு முகமும் பயன்படும். செர்ரிப் பலகை விலை மிகுந்தது. விற்பனை ஓய்ந்த பலகைகளை இழைத்து வேறு ஓவியத்திற்குப் பயன்படுத்தினர். எனவே செதுக்குநரின் படைப்பும் பெரிதும் எஞ்சவில்லை.

அச்சிடுநரிடம் எந்திரம் இல்லை. காகித மல்பெரியின் நாரால் செய்து, படிகாரமும் வச்சிரப் பசையும் பூசிய தாளை ஈரப்பதமாக்கி அடுக்கி வைத்திருப்பார். நீரில் கரைத்த நிறத்தை அரிசிப் பசையோடு பலகையில் தூரிகையால் தேய்த்து, தாளை வைத்து, அதன் முதுகில் ‘பாரென்’ கொண்டு அழுத்தித் தேய்ப்பார். பாரென் என்பது மூங்கில் மடலின் நாரை முறுக்கிச் சுருளாக்கி, மேலே மூங்கில் மடலால் போர்த்திய வட்டத் தேய்ப்பான். பத்துப் பலகைகள் எனில் ஒரே தாள் பத்து முறை பலகைமேல் ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் நிறம் தன் எல்லைக்குள் விழ வேண்டும். இதற்காக எல்லாப் பலகைகளிலும் ஒரே இடத்தில் மூலைக்குறி ஒன்றும் விளிம்புக்குறி ஒன்றும் செதுக்கப்பட்டன. ‘கெந்தோ’ எனப்படும் இவ்விரு குறிகளில் தாளின் மூலையும் விளிம்பும் பொருந்தி அமரும். ஆயினும் ஈரத்தாள் விரியும், உலர்ந்தால் சுருங்கும்; பலகையும் பருவத்திற்கேற்ப உப்பும். கெந்தோ தரும் துல்லியத்தைக் காப்பது இறுதியில் அச்சிடுநரின் விரல்களே.

வானம் மேலே கருநீலமாகத் தொடங்கிக் கீழே வெண்மையில் கரைவதைப் பலகையில் செதுக்க முடியாது. சமதளமான பலகையில் நிறத்தையும் நீரையும் வெவ்வேறு அளவில் துடைத்து, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக அவ்விளைவை உண்டாக்க வேண்டும். ‘பொகாஷி’ எனப்படும் இம்முறையால், ஹிரோஷிகேயின் ஒரே ஓவியத்தின் இரு படிகளில் பொழுது இருவேறாகத் தோன்றுவதுண்டு. நிறமின்றி அழுத்தி மேடுபள்ளம் காட்டுதல், பின்னணியில் காக்காப்பொன் தூள் பூசுதல் போன்ற நுட்பங்களும் அச்சிடுநருக்குரியவை. ஒரு முறைக்கு ஏறத்தாழ 200 தாள்களை ஒரு தொகுதியாக அச்சிட்டனர். முதல் தொகுதிக்குப் பின் பலகை தேய்ந்தது. பதிப்பாளரின் கைச்செட்டும் கூடியது. நிறங்கள் குறைக்கப்பட்டன. ‘ஹிரோஷிகேயின் நிறவுணர்வு’ பற்றிப் பேசும் ஆய்வு, தான் நோக்கும் படி எத்தொகுதியைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டாக வேண்டும்.

1765: நால்வரும் பெயர் பெற்ற ஆண்டு

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஹிஷிகாவா மொரோனோபு உருவாக்கிய தனித்தாள்கள் கருமை மட்டும் கொண்டவை. பின்னர்க் கையால் நிறம் தீட்டினர். 1740களில் இளஞ்சிவப்பும் பச்சையும் பலகையால் அச்சிடப்பட்டன. முழுநிற அச்சுக்கு வழிவகுத்தது ஒரு நாட்காட்டி விளையாட்டு.

அக்கால ஜப்பானிய ஆண்டில் முப்பது நாள் கொண்ட நீண்ட மாதங்களும் இருபத்தொன்பது நாள் கொண்ட குறு மாதங்களும் இருந்தன. எது நீண்டது என்பது ஆண்டுதோறும் மாறும். நாட்காட்டி வெளியிடும் உரிமை சிலருக்கே அளிக்கப்பட்டிருந்தது. எனவே மாத எண்களை ஆடையின் மடிப்பிலும் கொடியில் உலரும் துணியிலும் மறைத்து வைத்த படங்களை அச்சிட்டு நண்பர்கள் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். 1765இல் எடோவின் செல்வரும் சாமுராய்களும் நிறைந்த கவிதைக் குழுக்கள் இதனைப் போட்டியாகவே நடத்தின. ஷோகுனின் நேரடிப் பணியாளரும் கியோசென் எனும் புனைபெயர் கொண்டவருமான ஒருவர் இவற்றுள் முதன்மையானவர். செலவைப் பற்றிய கவலையின்றி அவர்கள் சுசூகி ஹருனோபுவிடம் ஓவியங்களைக் கேட்டனர். உயர்ந்த தாள், பல பலகைகள், அடர்ந்த நிறங்கள் ஆகியன ஒருங்கே கைவந்தன.

இத்தாள்களில் கையொப்ப இடத்தில் பெரும்பாலும் இருப்பது புரவலரின் பெயர். அவரே படைப்பாளராகக் கருதப்பட்டார். ஓவியர் பெயர் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. சில தாள்களிலோ கருத்து தந்தவர், வரைந்தவர், செதுக்கியவர், அச்சிட்டவர் என நால்வரின் பெயரும் வரிசையாக உள்ளன. போட்டியில் வியக்கப்பட்டது தொழில்நுட்பமாதலின் தொழில்நுட்பரும் பெயர் பெற்றனர். பின்னர் பதிப்பாளர்கள் அதே பலகைகளைப் பெற்று, மாதக் குறிகளையும் புரவலர் பெயரையும் செதுக்கி நீக்கி, ‘பட்டுப்பின்னல் படம்’ எனப் பொருள்படும் ‘நிஷிகி-எ’ என்ற பெயரில் கடைகளில் விற்றனர். சந்தைக்கு வந்த தாள்களில் ஓவியர் பெயர் நிலைபெற்றது. செதுக்குநர், அச்சிடுநர் பெயர்கள் மறைந்தன. பலகை அதுவே, கைகளும் அவையே. மாறியவர் வாங்குபவர்.

பதிப்பாளரும் அரசும்

முதலீடு பதிப்பாளருடையது, எதனை வரைவது என்பதும் பெரும்பாலும் அவர் முடிவு. சுதாயா ஜூசபுரோ (1750–1797) யோஷிவாராவின் வாயிலருகே கடை வைத்து, அப்பகுதியின் வழிகாட்டி ஏடுகளை விற்றுத் தொழில் தொடங்கியவர். 1783இல் நிஹோன்பாஷிக்குக் கடையை மாற்றினார். கிதகாவா உதமாரோவை முன்னிறுத்தியவர் அவரே. 1794–95இல் ஏறத்தாழப் பத்தே மாதங்களில் 140க்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தந்து மறைந்த ஷராகுவின் தாள்களை வெளியிட்டவரும் அவரே. ஷராகு யார் என்ற புதிரில் ஆய்வாளர் செலவிட்ட உழைப்பில் ஒரு சிறு பகுதி, காக்காப்பொன் பின்னணி கொண்ட அந்நடிகர் முகங்களைச் செதுக்கியோர் யார் என்பதில் செலவிடப்பட்டிருக்கலாம்.

1722இல் தோகுகாவா அரசு வெளியிட்ட ஆணை, நூல்களில் ஆசிரியரின் உண்மைப் பெயரும் பதிப்பாளரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்றது. குற்றம் நேர்ந்தால் பிடிக்கத்தக்க ஆளைத் தாளிலேயே தேடும் ஏற்பாடு இது. 1790இன் ஆணையைத் தொடர்ந்து தனித்தாள்களும் முன்தணிக்கைக்கு உட்பட்டன. பதிப்பாளர் சங்கத்திலிருந்தே முறைவைத்து அமர்ந்த ஆய்வாளர்கள் வரைவை நோக்கி ‘கிவாமே’ (உறுதி செய்யப்பட்டது) எனும் முத்திரையை இட்டனர். வரைவில் இட்ட முத்திரையைக் கோடுகளோடு சேர்த்துச் செதுக்குநர் பலகையில் செதுக்கினார். தம் பெயரைச் செதுக்காதவர் அரசின் ஒப்புதலைச் செதுக்கினார்.

தண்டனைகள் வெறும் அச்சுறுத்தலாக நின்றுவிடவில்லை. 1791இல் யோஷிவாரா பற்றிய கதைகளுக்காக எழுத்தாளர் சாந்தோ கியோடென் ஐம்பது நாள் கைவிலங்கிடப்பட்டார். அவற்றை வெளியிட்ட சுதாயா தம் சொத்தில் பாதியை இழந்தார். 1793இல் பரத்தையர் அல்லாத பெண்களின் பெயரைத் தாளில் குறிப்பது தடைசெய்யப்பட்டது. தேநீர்க் கடைப் பெண்களை வரைந்த உதமாரோ, பெயரின் அசைகளைச் சிறு பொருள்களின் படங்களாக மூலையில் வரைந்து விடுகதையாக்கினார். 1796இல் அவ்விடுகதையும் தடைசெய்யப்பட்டது. 1804இல் தோகுகாவா குலத்திற்கு முன் ஆண்ட ஹிதேயோஷியை வரைந்ததற்காக உதமாரோவும் ஐம்பது நாள் கைவிலங்கோடு இருந்தார், இரண்டாண்டுகளில் மறைந்தார்.

ஆக, சட்டம் பொறுப்பேற்பவரின் பெயரைக் கேட்டது. சந்தை விற்கத்தக்க பெயரைக் கேட்டது. முன்னது பதிப்பாளரையும் பின்னது ஓவியரையும் தாளில் நிறுத்தின. செதுக்குநரையும் அச்சிடுநரையும் இவ்விரண்டும் கேட்கவில்லை. நூல்களின் இறுதிப் பக்கத்தில் மட்டும் செதுக்குநர் பெயர் அவ்வப்போது காணப்படுகிறது. ஹொகுசாயின் ‘ஃபுஜியின் நூறு காட்சிகள்’ (1834) எகாவா தொமேகிச்சியின் பெயரைத் தாங்கியது. ஹொகுசாய் இளமையில் செதுக்குத் தொழில் பயின்றவர். 1836ஆம் ஆண்டளவில் பதிப்பாளருக்கு எழுதிய மடல்களில், தொமேகிச்சியே தம் வரைவைச் செதுக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். தாம் வரைந்த மூக்கையும் கண்ணையும் பிற செதுக்குநர் உதகாவா பள்ளியின் பாணிக்கு மாற்றிவிடுகின்றனர் என்று மூக்கையும் கண்ணையும் வரைந்து காட்டியே முறையிட்டார். செதுக்குநர் வெறும் படியெடுப்பாளர் அல்லர் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

1842இன் தென்போ சீர்திருத்தம் நடிகரையும் பரத்தையரையும் வரைவதைத் தடுத்தது. நிறங்களின் எண்ணிக்கைக்கும் விலைக்கும் வரம்பு விதித்தது. மறுஆண்டு உதகாவா குனியோஷி, நோயுற்ற பழந்தலைவர் ஒருவரை மண்சிலந்தியும் பேய்க்கூட்டமும் சூழும் புராணக் காட்சியை வரைந்தார். பேய்களுள் சீர்திருத்தத்தால் நலிந்த தொழிலினரை மக்கள் அடையாளம் கண்டனர். உறங்கும் தலைவரில் ஷோகுனைக் கண்டனர். பதிப்பாளர் அஞ்சித் தாள்களைத் திரும்பப் பெற்றுப் பலகைகளை அழித்தார். முத்திரை பெற்ற தாளே ஆட்சியை எள்ளியதாகப் படிக்கப்பட்டது என்பது தணிக்கையின் எல்லையைக் காட்டுகிறது.

முத்திரை இல்லாத தாள்கள் வேறொரு சான்று. 1855 நவம்பர் 11 இரவு எடோவை நிலநடுக்கம் தாக்கியது. நிலத்தடியில் கிடக்கும் பெருங்கெளுத்தி மீன் அசைவதே நிலநடுக்கத்தின் காரணம் என்பது மக்கள் நம்பிக்கை. சில வாரங்களுக்குள் கெளுத்தி மீன் படங்கள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தணிக்கை முத்திரையோ பதிப்பாளர் பெயரோ ஓவியர் பெயரோ இல்லை. சிலவற்றில் மக்கள் மீனை அடித்து நொறுக்குகின்றனர். சிலவற்றில் தச்சரும் சுவர் பூசுவோரும், கட்டுமானப் பணியால் கூலி உயர்ந்தமைக்காக, மீனுக்கு விருந்து வைக்கின்றனர். செல்வர் பொற்காசுகளைக் கக்கும் காட்சியும் உண்டு. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அரசு இவற்றை ஒடுக்கியது. நால்வருமே பெயரின்றி நின்ற இத்தாள்களில்தான், உழைப்பவர் நோக்கில் நகரம் மிக வெளிப்படையாகப் பேசுகிறது.

1850களுக்குப் பின் செதுக்குநர் பெயர் தனித்தாளுக்கு மெல்லத் திரும்பியது. உதகாவா குனிசடாவின் நடிகர் படங்களில் ‘ஹொரிதாகே’ என்று காணும் குறி யோகோகாவா தாகேஜிரோவுடையது. ‘ஹொரி’ என்பது செதுக்குதலைக் குறிக்கும். புகழ்பெற்ற செதுக்குநரின் பெயரும் விற்பனைக்கு உதவும் என்பதைப் பதிப்பாளர் கண்டுகொண்டனர் போலும். அதே குனிசடா 1857இல் அச்சோவியப் பட்டறையை முத்தாளாக வரைந்தார். அதில் செதுக்குபவரும் தாளுக்குப் பசை பூசுபவரும் அழகிய பெண்கள். உதமாரோவும் முன்னரே அவ்வாறு வரைந்திருந்தார். பட்டறைகளில் இவ்வேலைகளைச் செய்தோர் ஆண்கள். கருவிகளை அறிய இப்படங்கள் நம்பத்தக்கவை, ஆள்களை அறிய அல்ல. தம் உழைப்பைக் காட்டும் படத்திலும் அவ்வுழைப்பாளர்கள் தம் முகத்தோடு இடம்பெறவில்லை.

பெயர் திரும்பிய ஓரம்

மெய்ஜி காலத்தில் வேதிச் சாயங்களும் கல்லச்சும் நிழற்படமும் செய்தித்தாளும் இத்தொழிலை நெருக்கின. 1875இல் பழைய முத்திரை முறையும் முடிவுற்றது. 1904இல் யாமாமோதோ கனாயே ‘மீனவன்’ எனும் ஓவியத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டு வெளியிட்டார். படைப்பாளர் ஒருவரே என்னும் ஐரோப்பியக் கருத்தை ஏற்ற இவ்வியக்கம், நால்வர் என்ற சிக்கலை மூவரை நீக்கித் தீர்த்தது. பதிப்பாளர் வாதானாபே ஷோசபுரோ இதற்கு மாறாகப் பழைய கூட்டுமுறையையே புதுப்பித்தார். 1923 நிலநடுக்கத் தீயில் பலகைகள் அழிந்த பின்னும் அதனைக் கைவிடவில்லை.

1930களில் டோய் பதிப்பகம் வெளியிட்ட கவாசே ஹசுய், சுச்சியா கோயிட்சு ஆகியோரின் நிலக்காட்சிகளில், படத்திற்கு வெளியே உள்ள வெள்ளை ஓரத்தில் செதுக்குநர் பெயரும் அச்சிடுநர் பெயரும் அச்சிடப்பட்டுள்ளன. ஓவியரின் கையொப்பம் எல்லாப் பதிப்பிலும் ஒன்றே. ஆகவே ஒரு தாள் முற்பதிப்பா பிற்பதிப்பா என்று அறிய விரும்பும் சேகரிப்பாளர்கள் இன்று அவ்விரு பெயர்களையே முதலில் தேடுகின்றனர். தாளைச் சட்டமிடும்போது அட்டை மறைப்பது பெரும்பாலும் அந்த ஓரத்தைத்தான்.